நெடுந்தீவு: குதிரையை விட வேலிதான் பார்க்கணும்

ராமேஸ்வரத்திலிருந்து நேர்கோடு போட்டால், இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கிற நெடுந்தீவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மதுரைக்காரன் கணக்கில் மானாமதுரை போய்ச் சேருகிற தூரம். ஆனால் நானும் மச்சானும் போன வழி வேறு: விமானத்தில் கொழும்பு, ராத்திரி பஸ்ஸில் யாழ்ப்பாணம், காலையில் இன்னொரு பஸ் பிடித்துப் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை, அப்புறம் படகு. 1964 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிய அந்தக் காலத்து ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

படகில் சுற்றுலாக்காரர்கள் நாலைந்து பேர்தான். மற்றதெல்லாம் வாத்தியார்கள், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், காலைக் கட்டிப் போட்ட கோழிகள். பக்கத்தில் இருந்த அம்மா, "எவடம் நீங்கள்?" என்றார். மதுரை என்றதும், "மீனாட்சி அம்மன் கோயிலடியோ?" "பக்கம்தான்ம்மா, செல்லூர்." அதோடு நாங்கள் அவர் பொறுப்பு ஆகிவிட்டோம். கொஞ்ச நேரத்தில், "ஏழாத்துப் பிரிவு வருது, கதைக்காமல் இருங்கோ தம்பி" என்று மச்சானை அதட்டினார். நீரோட்டங்கள் கூடுகிற இடமாம். மச்சான் கேட்கவில்லை, பேசிக்கொண்டே வந்தான். காலையில் தின்ற இடியப்பம் அங்கேயே கடலுக்குப் போனது.

கரையேறுகிற மாவிலித்துறையில் முதலில் கண்ணில் படுவது குமுதினிப் படகின் நினைவிடம். 1985 மே 15-ல் நடுக்கடலில் அந்தப் படகில் போன பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் உண்டு. 'யாரும் கால்வைக்காத சொர்க்கம்' என்று இந்தத் தீவுக்கு யூடியூபில் தலைப்பு வைக்கிறவர்கள் இந்த இடத்தைப் படம் பிடிப்பதில்லை. கால்வைக்காத தீவா? போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் வந்தார்கள். 1795-லிருந்து வெள்ளைக்காரன். ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்துப் பார்த்தார்கள். அனலைதீவு ரோட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். ஒன்றும் நிற்கவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த 'டெல்ஃப்ட்' மட்டும் ஆங்கில வரைபடங்களில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

ஆட்டோ பிடித்தோம். எல்லோரையும் போல முதலில் கோட்டை. பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய இரண்டு அடுக்கு இடிபாடு, முன்னால் கடல். பத்து நிமிஷம் போதும். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டுக்கு அதுகூட வேண்டாம். பெருக்க மரம் அப்படியில்லை. நம் ராமநாதபுரம் பக்கம் பப்பரப்புளி என்பார்களே, அதேதான். அடிமரத்துக்குள் பொந்து. உள்ளே நின்றால் வெயில் தெரியவில்லை. ஆப்பிரிக்க மரம், அராபிய வியாபாரிகள் கொண்டுவந்தது என்கிறார்கள்.

குதிரைகள் தெற்குப் பக்கத்து வெளியில். அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இவை குட்டை. ஐரோப்பியர்கள் கொண்டுவந்து வளர்த்து, விட்டுப் போன இனத்தின் வாரிசுகள். இப்போது யாருக்கும் சொந்தமில்லை. "கிட்டப் போகாதேங்கோ அண்ணை, உதைக்கும்" என்றார் ஆட்டோக்காரர். ஆடி ஆவணி வறட்சியில் குட்டைகள் வற்றி, தண்ணீர் இல்லாமல் குதிரைகள் சாவதும் உண்டாம். காட்டுக்குதிரை என்ற பெருமைக்குப் பின்னால் இருப்பது, வேலை முடிந்ததும் கைவிடப்பட்ட பிராணிகள்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது தெருவோரம்தான். தீவு முழுக்கக் கல்வேலி. சாந்து, சிமெண்ட் எதுவும் கிடையாது, பவளக் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது, அவ்வளவுதான். நெஞ்சளவு உயரம். இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். கல்லின் முகத்தில் பவளப் பூச்சி கட்டிய வரிவரியான பள்ளங்கள், ஒரு கல்லில் பாதிச் சிப்பி பதிந்திருந்தது. விளிம்பு விரலைக் கீறுகிற அளவுக்குக் கூர்மை. இடுக்கு வழியாக அந்தப் பக்கத்து ஆடு தெரிகிறது. கடல்காற்று அந்த இடுக்குகளிலேயே புகுந்து போய்விடுவதால் வேலி சாய்வதில்லை. மண் இங்கே ஒரு சாண்கூட இல்லாத இடங்கள் நிறைய. பயிர் வைக்க நிலத்தில் பொறுக்கிய கல்லே மாடும் குதிரையும் நுழையாமல் காக்கிற வேலியாகிறது. எந்தத் துரையும் சொல்லிக்கொடுத்த வேலையில்லை.

"இடிஞ்சு விழுந்தா?" என்று மச்சான் கேட்டான்.

"திருப்பி அடுக்குவம். சீமெந்து வாங்கிறதெண்டா படகுக் கூலி ஆர் குடுக்கிறது?" என்றார் ஆட்டோக்காரர்.

சில வேலிகள் கச்சிதமாக நிற்க, உள்ளே வீட்டுக்குக் கூரை இல்லை. சண்டைக் காலத்தில் போனவர்கள். கனடாவா, திருச்சியா என்று ஆட்டோக்காரருக்கே தெரியவில்லை.

மதியச் சாப்பாடு ஒரு வீட்டில், சொல்லிவைத்து ஆக்கியது. சோறு, மீன் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி. நம்ம ஊர்க் குழம்பை விடக் காரம் தூக்கல், தேங்காய்ப்பால் தாராளம். மச்சான் காலையில் விட்டதை வட்டியோடு பிடித்துவிட்டான்.

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை மாதங்களில் தீவு பச்சையாக இருக்கும், ஆனால் வாடைக்காற்றில் கடல் குதிக்கும். மாசியில் கடல் கொஞ்சம் அடங்கும். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், அங்கே அது கஷ்டமான பொருள். திரும்புகிற படகு நேரத்தை இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். படகு நிறைந்துவிட்டால் ஊர்க்காரர்களை ஏறவிட்டு நில்லுங்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் அந்தப் படகுதான். வேலியிலிருந்து 'ஞாபகத்துக்கு' என்று கல் உருவாதீர்கள். எங்களோடு வந்த ஒருவர் பையில் போட்டார். படகில் வந்த அதே அம்மா துறையில் அதைப் பார்த்துவிட்டு, வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். வைத்தார்.