இருப்பு வியூ: மார்ச் குறிப்புகள்

மார்ச் 17
இருப்பு வியூ (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரில் சேமித்த குவெரி, டேபிள் போலவே தெரியும்) மைக்ரோசாஃப்ட் அக்சஸில் திறக்கிறது, எண்கள் தெரிகின்றன, ஆனால் எதையும் திருத்த விடவில்லை. சர்வரா, இணைப்பா என்று முதலில் பிரித்தாக வேண்டும். அதே அப்டேட்டை பிஎஸ்க்யூஎல்லில் (போஸ்ட்கிரெஸின் கட்டளை வரி) ஒரே ரெக்கார்டுக்கு, பிகின் போட்டு ஓட்டினால் 'அப்டேட் 1' வருகிறது, அதாவது ஒரு ரெக்கார்டு மாறியது. ரோல்பேக், மாற்றம் ரத்து. அப்படியானால் போஸ்ட்கிரெஸைத் தொட வேண்டாம்.

மார்ச் 18
இணைப்புதான். டேபிளின் ப்ரைமரி கீயை (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்துக் காட்டும் ஃபீல்டு) அக்சஸ் தானே கண்டுகொள்ளும். வியூவுக்குக் கீ கிடையாது. அதனால்தான் இணைக்கும்போது தனித்த அடையாளம் எது என்று ஒரு பெட்டி கேட்கிறது. 10 ஃபீல்டு வரை தேர்ந்தெடுக்கலாம். எதையும் தேர்ந்தெடுக்காமல் ஓகே கொடுத்தால் வியூ படிக்க மட்டுமே.

அழித்து மறுபடி இணைக்கத் தேவையில்லை. அக்சஸிலேயே டேட்டா டெஃபனிஷன் குவெரியில் 'கிரியேட் யுனீக் இன்டெக்ஸ்' ஓட்டினால் போதும். அந்த இன்டெக்ஸ் அக்சஸ் கோப்போடு நின்றுவிடும், சர்வருக்குப் போகாது. அந்தக் கீ உண்மையிலேயே தனித்ததா என்று யாரும் சரிபார்ப்பதும் இல்லை. சரக்குக் குறியீட்டை மட்டும் கீயாக வைத்தால், இரண்டு கிடங்கில் உள்ள ஒரே சரக்குக்கு ஒரே எண் இரண்டு தடவை தெரியும். இது பிழைச்செய்தி வருவதைவிட ஆபத்து. குறியீடு, கிடங்கு இரண்டும் சேர்ந்துதான் கீ.

மார்ச் 19
பில் வியூவில் எல்லா ஃபீல்டிலும் '#டெலீட்டட்'. அதன் கீ பிக்இன்ட் (8 பைட் முழு எண்). 2016-க்கு முந்தைய அக்சஸுக்கு அந்த வகையே தெரியாது. ஓடிபிசி (அக்சஸைச் சர்வரோடு இணைக்கும் டிரைவர்) அமைப்பில் 'இன்ட்8 ஆஸ்' என்பதை நியூமெரிக் ஆக்கி, மறுபடி இணைக்க வேண்டும்.

மார்ச் 21
ஜாயின் வியூ (பல டேபிளைச் சேர்த்தது). 9.3 பதிப்பிலிருந்து (2013) போஸ்ட்கிரெஸ் தானாகத் திருத்த விடுவது ஒற்றை டேபிள் வியூக்களை மட்டுமே. டிஸ்டிங்க்ட், குரூப் பை, லிமிட், யூனியன் இருந்தாலும் விடாது. மற்றதற்கெல்லாம் 'இன்ஸ்டெட் ஆஃப்' டிரிக்கர் (திருத்தத்துக்குப் பதிலாகத் தானே ஓடும் ஃபங்ஷன்) வேண்டும். இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் வியூஸ் பட்டியலில் 'இஸ் அப்டேட்டபிள்' நோ என்று காட்டினால் பதற வேண்டாம்; டிரிக்கருக்குத் தனி ஃபீல்டு இருக்கிறது.

மார்ச் 22, இரவு
அக்சஸ் சொல்கிறது: 'வேறொருவர் இந்த ரெக்கார்டை மாற்றிவிட்டார்.' வேறு யாருமே இணைப்பில் இல்லை.

சர்வரின் 'லாக் ஸ்டேட்மென்ட்' அமைப்பை 'ஆல்' ஆக்கி, வரும் கட்டளைகளை லாகில் பார்த்தால் விளங்கும். அக்சஸ் அனுப்பும் அப்டேட்டின் நிபந்தனையில் கீ மட்டும் இல்லை, எல்லா ஃபீல்டின் பழைய மதிப்பும் இருக்கிறது. சர்வரில் நேரம் மைக்ரோசெகண்டு வரை நிற்கிறது, அக்சஸ் செகண்டோடு வெட்டுகிறது. இரண்டும் பொருந்தவே பொருந்தாது. மாறிய ரெக்கார்டு 0. அந்த 0-வைத்தான் அது 'வேறொருவர்' என்று படிக்கிறது. தசம எண்ணை ஃப்ளோட்டில் (தோராய எண் வகை) வைத்தாலும் இதே கதி.

டேபிளுக்கானால் ஓடிபிசியின் 'ரோ வெர்ஷனிங்' கைகொடுக்கும். அது எக்ஸ்மின்னை (ஒவ்வொரு ரெக்கார்டிலும் போஸ்ட்கிரெஸ் மறைவாக வைக்கும் பதிப்பு அடையாளம்) நம்பியது, வியூவில் எக்ஸ்மின் கிடையாது. ஆகவே டேபிளிலேயே டைம்ஸ்டாம்ப்(0), அதாவது செகண்டோடு நிற்கும் நேரம்; விலைக்கு நியூமெரிக். வியூ பயன்படுத்தும் ஃபீல்டின் வகையை மாற்ற போஸ்ட்கிரெஸ் விடாது: ட்ராப் வியூ, ஆல்டர் டேபிள், மறுபடி வியூ, டிரிக்கர், கிராண்ட் (அணுகும் அனுமதி), எல்லாம் ஒரே டிரான்சாக்ஷனில். கிராண்ட் விட்டுப்போகும், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

மார்ச் 23
மறுபடி 0. இம்முறை டேபிளில் மதிப்பு மாறியிருக்கிறது, ஆனாலும் 0.

மார்ச் 24
டிரிக்கர் 'ரிட்டர்ன் நல்' (வெற்று மதிப்பு) என்று முடிகிறது. மாற்றம் முடிந்தபின் ஓடும் ஆஃப்டர் டிரிக்கரில் அது சரி. இன்ஸ்டெட் ஆஃப் டிரிக்கரில் அதற்கு 'நான் எதையும் மாற்றவில்லை' என்று பொருள். போஸ்ட்கிரெஸ் எண்ணிக்கையில் சேர்க்காது. 'ரிட்டர்ன் நியூ' (புது மதிப்புள்ள ரெக்கார்டு) வேண்டும். டெலீட்டில் நியூவே நல், அங்கே 'ரிட்டர்ன் ஓல்ட்'. மூன்று செயலுக்கும் ஒரே ஃபங்ஷன் எழுதி அடியில் ஒரே ரிட்டர்ன் வைத்தால் இங்கேதான் மாட்டும்.

மார்ச் 25
'அப்டேட் 1'. நிம்மதி.

மார்ச் 27
புது ரெக்கார்டு ஏறவில்லை. டிரிக்கருக்குள் ஐடி 'நல்' ஆக வருகிறது. 'நல்' என்று வெளிப்படையாகக் கொடுத்தால் டேபிளின் டிஃபால்ட் வேலை செய்யாது. இன்சர்ட்டில் ஐடியை விட்டுவிட்டு, 'ரிட்டர்னிங்' மூலம் நியூவுக்குள் திருப்பி வாங்க வேண்டும்.

மார்ச் 29
ரேக் எண்ணுக்குப் புது ஃபீல்டு. வியூவை மாற்றும் 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' கடைசியில் மட்டுமே சேர்க்க விடும். அக்சஸ் இணைப்பு பழைய ஃபீல்டு பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கிறது. புதுப்பித்தபின் கீ நிற்கிறதா என்று டிசைனில் பார்க்க வேண்டும், 31-ஆம் தேதி இருப்பு எண்ணிக்கைக்கு முன்.