மெல்ஸ் ஊரின் நினைவுத் தூண்

இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில், ஃப்ரோம் நகருக்கு மேற்கே சில கல் தொலைவில் இருக்கும் மெல்ஸ் என்ற சிற்றூருக்கு நான் போனது, அங்குள்ள முதல் உலகப்போர் நினைவுச் சின்னத்தைக் காண்பதற்காக மட்டுமே. தில்லியில் இந்தியா கேட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்த நாளிலிருந்தே, அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் ஒரு கிராமத்துக்காக என்ன கட்டியிருப்பார் என்று அறிய ஆவல் இருந்தது.

காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. தெருவோரத்தில், உயரமான ஒற்றைக் கல்தூண். அதன் உச்சியில் டிராகனை வீழ்த்தும் புனித ஜார்ஜின் சிறிய உருவம். தூணின் இருபுறமும் தாழ்ந்த கற்சுவர், அதையொட்டி உட்காரக் கல் இருக்கை, பின்னால் கரும்பச்சை யூ மர வேலி. அவ்வளவுதான். வழிப்போக்கர் எவரும் வந்து உட்காரலாம் என்பதுபோல அமைந்த அந்த இருக்கைதான் இந்த வடிவமைப்பின் உயிர் என்று எனக்குத் தோன்றியது. தில்லியில் நாம் தலையை உயர்த்திப் பார்க்கிறோம். இங்கே இறந்தவர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறோம்.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க லட்யன்ஸ் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மெல்ஸைச் சுற்றி நடந்தார். அந்த ஊரின் இளைஞர்கள் எல்லோரும் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று அவர் தம் மனைவிக்கு எழுதினார். ஊர்ப் பெரிய வீட்டுக் குடும்பமான ஹார்னர்கள் அவருடைய நீண்டகால நண்பர்கள். அக்குடும்பத்தின் மகன் எட்வர்ட் ஹார்னர் 1917 நவம்பரில் பிரான்சின் காம்ப்ரே போரில் மாண்டார். அதற்கு முந்தைய ஆண்டே, 1916 செப்டம்பர் 15 அன்று, அவருடைய அக்காவின் கணவரும் அன்றைய பிரதமரின் மூத்த மகனுமான ரேமண்ட் ஆஸ்குவித், அதே நாட்டின் சோம் போர்க்களத்தில் உயிரிழந்திருந்தார். 1921 ஜூன் மாதம் இந்தத் தூணைத் திறந்துவைத்தவர் ரேமண்டின் தம்பி ஆர்தர் ஆஸ்குவித்.

போரில் மடிந்தவர்களின் உடல்களை ஊருக்குக் கொண்டுவர அன்றைய பிரிட்டிஷ் அரசு அனுமதிக்கவில்லை. வசதி படைத்தவர் மட்டும் கொண்டுவர முடியும், ஏழைகளால் முடியாது என்ற வேற்றுமை எழக்கூடாது என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. அதனால்தான் இங்கிலாந்தின் சிற்றூர்களில் இவ்வளவு நினைவுக் கற்கள்: கல்லறை இல்லாத வீட்டாருக்கு, பூ வைக்கவும் அழவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் மெல்ஸ் தூணுக்கு எழுதிக் கொடுத்த வரியும் இந்தத் தவிப்பையே பேசுகிறது: 'போரின் கருமேகத்தை எதிர்கொண்டு அந்நிய மண்ணில் நாங்கள் மடிந்தோம், நாங்கள் மகிழ்ந்து வாழ்ந்த ஊரில் எங்களுக்காக இக்கல் எழுப்பப்பட்டுள்ளது.' ஊரார் இறந்தவர்களைப் பற்றிச் சொல்வதாக இல்லாமல், இறந்தவர்களே 'நாங்கள்' என்று பேசுவதாக அமைந்த அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். ஈரக் கல்லில் விரலை வைத்தபோது, எழுத்துகளின் பள்ளத்தில் மழைநீர் தேங்கியிருந்தது.

பிறகு, கிறித்தவ மடத் தலைவர் ஜான் செல்வுட் 15ஆம் நூற்றாண்டில் அமைத்த பழைய தெரு வழியாகப் புனித ஆண்ட்ரூ தேவாலயத்துக்குச் சென்றேன். உள்ளே, ஓவியர் ஆல்ஃப்ரெட் மன்னிங்ஸ் வடித்த எட்வர்ட் ஹார்னரின் வெண்கலச் சிலை, குதிரைமீது அமர்ந்த கோலத்தில் நிற்கிறது. அதன் பீடமும் லட்யன்ஸ் வடிவமைத்ததுதான். சிலையின் அழகை மறுக்க முடியாது. ஆனால், பெரிய வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வாய்த்த அந்தக் குதிரையைவிட, ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்குமாக வெளியே மழையில் நிற்கும் தூணே என் மனத்துக்கு நெருக்கமாக இருந்தது. இருந்தும் பீடத்தில் பொருத்தப்பட்டிருந்த ஒன்றைக் கண்டதும் அந்த ஒப்பீடு என்னிடமிருந்து நழுவிப்போனது. பிரான்சில் எட்வர்டின் முதல் கல்லறைக்கு அடையாளமாக நட்டு வைத்திருந்த எளிய மரச் சிலுவை அது. மகனின் உடல் வரவில்லை. அந்த மரத்துண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

திரும்பும் வழியில் மீண்டும் தூணருகே நின்றேன். இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களின் பெயர்களும் பிற்பாடு இங்கே சேர்க்கப்பட்டிருக்கின்றன. தூறல் நின்றிருந்தது. இருக்கையின் ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்து, எல்லாப் பெயர்களையும் ஒவ்வொன்றாக, வாய்விட்டுப் படித்தேன்.