புதனின் காந்தம் நடுவில் இல்லை

பூமியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதனின் காந்தப்புலம் சுமார் நூற்றில் ஒரு பங்குதான். நம் நடுக்கோட்டில் சுமார் 30,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), அங்கே சுமார் 200. ஆனாலும் பூமி அளவே இருக்கும் வெள்ளிக்கு இதுகூடக் கிடையாது. செவ்வாயில் எப்போதோ இருந்து அணைந்துவிட்டது, பழைய பாறைகளில் தடயம்தான் மிச்சம்.

1974 மார்ச் 29 அன்று நாசாவின் மரைனர் 10 விண்கலம் புதனைக் கடந்தபோது இதைப் பெரும்பாலானோர் எதிர்பார்க்கவில்லை. சின்ன கோள், ஒருமுறை சுழலவே 59 நாள், உள்ளே எப்போதோ இறுகியிருக்கும் என்றுதான் நினைப்பு. நார்மன் நெஸ் குழுவின் காந்தமானி வேறு கதை சொன்னது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள்கள், அதாவது சூரியக் காற்று, தூண்டிவிட்ட புலமாக இருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை. அதனால் 1975 மார்ச் 16 அன்று, மூன்றாவது சந்திப்பில், இரவுப் பக்கத்தில் 327 கிலோமீட்டர் உயரத்தில் வட துருவத்தை ஒட்டிக் கலத்தைச் செலுத்தினார்கள். கேமராவுக்கு அங்கே வெளிச்சம் கிடையாது. காந்தமானிக்காகவே போட்ட பாதை அது. புலம் புதனுடையதுதான் என்று உறுதியானது. திசைதிருப்பும் வாயு தீர்ந்து, எட்டு நாளில் கலமும் ஓய்ந்தது. விண்வெளி வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த முடிவுகளில் இது ஒன்று.

ஒரு கோள் தானே காந்தப்புலத்தை உண்டாக்க உள்ளே உருகிய இரும்பு ஓட வேண்டும். புதனின் 2,440 கிலோமீட்டர் ஆரத்தில் சுமார் 2,000 கிலோமீட்டர் இரும்புக் கரு. அதன் வெளிப்பகுதி இன்னும் உருகிய நிலையில் இருக்கிறது என்பதை, புதனின் சுழற்சியில் உள்ள மெல்லிய ஆட்டத்தை ரேடார் மூலம் அளந்து 2007இல் காட்டினார்கள்.

அப்புறம் நாசாவின் மெசஞ்சர் விண்கலம் வந்தது. 2011 முதல் 2015 வரை சுற்றி அளந்த தரவுகளை நாசா எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. இரவில் வீடு அடங்கியதும் அவற்றை எடுத்து வரைபடம் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். சுழற்சி அச்சிலிருந்து வெளிநோக்கிப் போகும் புலக் கூறு எங்கே பூஜ்யமாகிறதோ அதுதான் காந்த நடுக்கோடு. அது புதனின் நடுக்கோட்டில் விழுவதே இல்லை. சராசரியாக 484 கிலோமீட்டர் வடக்கே தள்ளி நிற்கிறது. ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்கு! காந்த அச்சின் சாய்வோ ஒரு பாகைக்கும் குறைவு. பூமியின் காந்த அச்சு சுமார் 10 பாகை சாய்ந்திருக்கிறது. இவ்வளவு நேராக நிற்கும் காந்தம் ஏன் இப்படி வடக்கே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் வரவில்லை.

“இத்தனூண்டு காந்தம் இருந்து என்னப்பா பிரயோஜனம்?” என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. பகல் பக்கத்தில் சூரியக் காற்றைத் தரையிலிருந்து சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்துவது இந்தத் துளிப் புலம்தான். சூரியப் புயல் பலமாக அடித்தால் அந்த எல்லை தரைவரை நசுங்கும். வடக்கே ஏறிய காந்தத்தால் தெற்கில் புலம் இன்னும் மெலிந்திருக்கிறது. அங்கே துருவத்தைச் சுற்றி அதிகப் பரப்பில் துகள்கள் நேரே தரையில் மோத வழி இருக்கிறது.

அந்தத் தெற்கைத்தான் மெசஞ்சரால் கிட்டே போய் அளக்க முடியவில்லை. அதன் பாதை வடக்கே தாழ்ந்து, தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விலகிப் போகும். 2018இல் கிளம்பிய பெப்பிகொலம்போ விண்கலத் திட்டம், உந்துவிசைச் சிக்கலால் தாமதமாகி, 2026 நவம்பரில் சுற்றுப்பாதையில் சேர வேண்டும். ஐரோப்பாவின் கலம் ஒன்று, ஜப்பானின் மியோ ஒன்று, இரண்டிலும் காந்தமானி உண்டு. சுற்றுப்பாதையிலிருந்து தெற்கின் அளவீடுகள் வெளியானதும் நான் வரைந்த 484 கிலோமீட்டர் கோட்டை அவற்றின்மேல் போட்டுப் பார்க்க வேண்டும்.