ஆளுக்கு 35 கிராம்

நோர்வேயின் வடக்கு முனையில், பாரென்ட்ஸ் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற போட்ஸ்ஃபியோர்ட் என்ற மீன்பிடி ஊருக்கு நான் போனது 1990 ஆகஸ்டில். அதற்கு முதல் ஒரு வருடம் தெற்கே ஒரு விடுதிப்பள்ளியில் இருந்தேன். விசா கிடைத்ததே அந்தப் பள்ளியால்தான், அந்தக் காலத்தில் நோர்வேக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பெடியளில் கனபேருக்கு அதுதான் வழி. பள்ளி முடிந்ததும் வேலைக்கு எங்கே போவது என்று கேட்டால் எல்லோரும் வடக்கே கையைக் காட்டினார்கள். ஃபின்மார்க்கில் மீன் இருக்கு, வெட்ட ஆள் இல்லை.

வேலை இதுதான். கீழேயிருந்து வெளிச்சம் அடிக்கிற ஒரு கண்ணாடி மேசை, அதன் மேல் தோலுரித்த கொட் மீன் துண்டு (இங்கே தொர்ஸ்க் என்பார்கள்). அந்த வெளிச்சத்தில் சதைக்குள் சுருண்டு கிடக்கிற புழு பழுப்பு நூல் மாதிரித் தெரியும். கத்தி நுனியால் அதை எடுத்து, முள்ளை நறுக்கி, துண்டை நிறுத்துப் போடவேணும். நாள் முழுக்க கிராம் கணக்கு. பிறகு எதைப் பார்த்தாலும் நிறுத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது, இந்தக் கட்டுரைக்கும் அந்தப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

1991 ஏப்ரல். இடைவேளையில் நாங்கள் பாணுக்குள் பழுப்புச் சீஸ் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கன்டீன் தொலைக்காட்சியில் குர்து மக்களைக் காட்டினார்கள். வளைகுடாப் போர் முடிந்த கையோடு சதாம் ஹுசைனின் படை வடக்கே திரும்பியதில், பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் துருக்கி, ஈரான் எல்லைப் பக்கம் ஓடிவந்துவிட்டார்கள். பனி கிடக்கிற மலை. ஏப்ரல் 5ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை 688ஆம் தீர்மானத்தில், உதவி அமைப்புகளை உடனே உள்ளே விடு என்று ஈராக்கிடம் சொன்னது. ஈராக் அதை ஏற்கவில்லை, அமெரிக்க விமானங்கள் கேட்காமலே போய்ப் பொதிகளைப் போட்டன. பரசூட் விரிகிறது, கீழே ஆக்கள் ஓடுகிறார்கள். சில பொதிகள் ஆக்களுக்கு மேலேயே விழுந்து அதில் இறந்தவர்களும் உண்டு.

என் பக்கத்தில் இருந்தவர் நோர்வேக்காரர், முப்பது வருடமாக மீன் வெட்டுகிறவர், நல்ல மனுசன், எனக்குக் கத்தி தீட்டப் பழக்கினவர். அவர் சொன்னார்: "வேண்டாம் என்று சொல்கிற அரசாங்கத்தின் தலைக்கு மேலால் போய் ஏன் கொட்டவேணும்? அதுவும் எங்கள் வரிப்பணத்தில்." எனக்கு முதலில் உறைத்தது கடைசி வசனம்தான். முதற் சம்பளத் துண்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் காணவில்லை என்று முதலாளியிடம் போய்க் கேட்டு வெட்கப்பட்டவன் நான், ஆகவே அது என் வரிப்பணமும்தான். ஆனால் அதைச் சொல்கிற அளவுக்கு என்னிடம் நோர்வேஜிய மொழி இல்லை.

அந்தக் கிழமையே பின்னேர மொழி வகுப்பில் அதே கேள்வி வந்தது. டீச்சர் ஒஸ்லோவில் பிறந்து, கலியாணம் முடித்து வடக்கே வந்தவர். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், இங்கே எல்லோரும் அப்படித்தான் என்று எத்தனை தரம் சொன்னாலும் எங்களுக்கு வாய் வரவில்லை, அம்மாவின் வயது மனுசியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எப்படி? டீச்சர் என்றே கூப்பிட்டோம். அவர் கரும்பலகையில் எழுதினார்: உதவி வேண்டாம் என்கிற அரசாங்கத்தின் நாட்டுக்கு நாம் உதவி அனுப்பலாமா? ஆளுக்கு மூன்று வசனம் சொல்லவேணும்.

என் முறை வந்தது. சொல்ல என்னிடம் ஒரு பெரிய கதை இருந்தது, சொற்கள் மூன்றுதான் இருந்தன. "அரிசி. விமானம். வானம்." பின்லாந்துப் பெண்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், எங்கள் பெடியள் சிரிக்கவில்லை. அவர்களுக்கு விளங்கிவிட்டது.

1987இல் எனக்குப் பதினாறு வயது. அந்த ஜனவரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை. மே 26ஆம் திகதி வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்க, அங்கிருந்து ஓடிவந்த சொந்தக்காரர் பதினொரு பேர் கொண்டாவிலில் எங்கள் வீட்டில். ஜூன் 3ஆம் திகதி ராமேஸ்வரத்திலிருந்து சுமார் இருபது படகுகளில் நிவாரணப் பொருள் வருகிறது என்று வானொலி சொன்னது, பின்னேரம் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது என்றும் சொன்னது. மறுநாள் பின்னேரம் ஐந்து மணியளவில் வானத்தில் இரைச்சல். பொம்பர் என்று நினைத்து எல்லோரும் பங்கருக்குள். குண்டு விழவில்லை. எட்டிப் பார்த்தால் தூரத்தில் வெள்ளையாகக் குடைகள் இறங்குகின்றன. பெங்களூரிலிருந்து வந்த ஐந்து ஏஎன்-32 விமானங்கள், துணைக்கு மிராஜ் போர் விமானங்கள். மறித்தால் பலத்தால் பதில் வரும் என்று டெல்லி கொழும்புக்குச் சொல்லிவிட்டே அனுப்பியது என்பதெல்லாம் பிறகு அறிந்தது. பூமாலை என்று பேர் வைத்தார்கள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடப்போன என்னை அம்மம்மா படலையில் மறித்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அரிசியோ? அரிசி கிடக்குதடா. மண்ணெண்ணெய் போட்டவங்களோ எண்டு பார்."

அன்றைக்கு விழுந்தது சுமார் 25 டன். குடாநாட்டில் அப்போது ஏழு லட்சம் சனம் என்று வைத்தால், 25,000 கிலோவை ஏழு லட்சத்தால் பிரித்தால் ஆளுக்கு 35 கிராம். மீன் மேசையில் நின்றுதான் இந்தக் கணக்கைப் போட்டேன், 1991இல். ஒரு பிடி அரிசி. யாழ்ப்பாணத்தின் பசி அதனால் தீரும் என்று டெல்லியில் ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள், அது கொழும்பு பார்ப்பதற்காகப் போட்ட அரிசி. ஆனால் அன்றிரவு எங்கள் ஒழுங்கையில் சனம் அழுதது. யாரோ எங்களை நினைத்திருக்கிறார்கள் என்ற அழுகை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பிறகு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேணும். ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம், இந்திய அமைதிப்படை வந்தது, மாலை போட்டு வரவேற்றோம். ஒக்டோபரில் அதே படையோடு சண்டை. 21ஆம் திகதி, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்மாரையும் தாதிமாரையும் சுட்டார்கள். ஜூனில் அரிசி போட்ட நாடும் ஒக்டோபரில் ஷெல் அடித்த நாடும் ஒன்றுதான். (அதே இந்தியா 2004 சுனாமி நேரம், வெளிநாட்டு அரசுகளின் உதவி இப்போது வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றது. கொடுக்கிற நாடாக இருப்பதுதான் எல்லோருக்கும் பிடிக்கும் போல.)

இதெல்லாம் அந்த வகுப்பில் சொல்லவில்லை, சொல்லத் தெரியாது. டீச்சர்தான் பேசினார். சின்னச் சின்ன வசனமாக, எங்களுக்கு விளங்கவேணும் என்று. அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது நோர்வே ஜெர்மனியின் கையில். ஒஸ்லோவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு சுவீடிஷ் சூப் என்று ஒன்று ஊற்றுவார்களாம். 1942இல் தொடங்கியது, சுவீடன் சனம் சேர்த்த காசில் வந்த சாப்பாடு. வீட்டிலிருந்து கோப்பையும் கரண்டியும் கொண்டுபோய் வரிசையில் நிற்கவேணும். நாட்டைப் பிடித்து வைத்திருந்தவனிடமும் கேட்டுத்தான், கடலை மறித்து நின்ற பிரிட்டனிடமும் கேட்டுத்தான் அந்தச் சாப்பாடு உள்ளே வந்தது. சுவீடன்காரர் ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக நின்றார்களாம், ஊற்றுகிற அகப்பை நாஜிக் கட்சி ஆக்களின் கையில் இருக்கக்கூடாது, நோர்வேச் சனமே ஊற்றவேணும். "எனக்கு ஊற்றினது எங்கள் தெரு மனுசி" என்றார். "எந்த வீட்டில் எத்தனை பிள்ளை என்று அவவுக்குத் தெரியும்."

அந்தக் கடைசி வசனம் ஏன் முக்கியம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. விளங்க இன்னும் பதினேழு வருடம் எடுத்தது.

அதற்கிடையில் வாழ்க்கை ஓடியது. நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பும் என்பதற்குப் பழகினேன், மே மாதம் நடுச்சாமத்தில் வெயில் அடிக்கும்போது யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிப் படுக்கப் பழகினேன், கலியாணம் முடித்து மற்றவர்களைப் போலவே ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து முதியோர் இல்லச் சமையலறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். நோர்வே தன் தேசிய வருமானத்தில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்றை வெளிநாட்டு உதவிக்குக் கொடுக்கிற நாடு என்பதால் இந்தக் கதை இங்கே ஓய்வதே இல்லை. தேர்தல் வந்தால் தொலைக்காட்சியில், இல்லாவிட்டால் சமையலறையில்.

2008 மே மாதம் பர்மாவில் நர்கீஸ் புயல் அடித்தபோது என்னோடு பர்மாப் பெண் ஒருவர் வேலை செய்தார். இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர். பிரெஞ்சுக் கப்பலும் அமெரிக்கக் கப்பல்களும் சாமானோடு கடலில் காத்து நிற்க, நாட்டை ஆண்ட இராணுவத் தளபதிகள் விசா கொடுக்காமல் இழுத்தடித்து, அந்த அழிவுக்குள்ளேயே மே 10ஆம் திகதி அரசியலமைப்புக்கு வாக்கெடுப்பும் நடத்தினார்கள். பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் குஷ்னேர், கேட்காமலே உள்ளே போகவேணும் என்றார். அந்தப் பெண்ணும் அதைத்தான் சொன்னார், கரட் சீவிக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டு: "இறங்கட்டும், யாராவது இறங்கட்டும்." எங்கள் ஊரிலும் அப்படி இறங்கினார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கடைசியில் ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் நேரே போய்த் தளபதி தான் ஷ்வேயைச் சந்தித்த பிறகு, ஆசியான் என்கிற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு நடுவில் நின்று வெளியாட்களை உள்ளே கொண்டுபோனது. மூன்று கிழமை பிந்தி. அந்த மூன்று கிழமையில் எத்தனை பேர் போனார்களோ. ஆனாலும் போனவர்கள் ஊருக்குள் இறங்கி வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள்.

அதே வருடம் செப்டெம்பரில் கிளிநொச்சி, புலிகளின் கையில் இருந்த வன்னியில், போர் நெருங்கிவந்த நேரம். உங்கள் பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை, வெளியேறுங்கள் என்று இலங்கை அரசாங்கம் ஐ.நா.வுக்கும் மற்ற அமைப்புகளுக்கும் சொன்னது. ஐ.நா. 16ஆம் திகதி வண்டியைக் கட்டியது. போகாதேங்கோ என்று சனம் அலுவலகப் படலையில் போய் நின்று மன்றாடினதை நாங்கள் எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். உணவு லொறிகள் அதற்குப் பிறகும் போயின, அதுதான் கவனிக்கவேண்டிய இடம். அரசாங்கம் அரிசியை முழுக்க மறுக்கவில்லை. உள்ளே இருப்பது 70,000 பேர்தான் என்றது, அந்தக் கணக்குக்கு அனுப்பினால் போதும் என்றது. இல்லை, இது பொய் என்று தலையை எண்ணிச் சொல்ல உள்ளே வெளியாட்கள் இல்லை. 2009 மே மாதம் எல்லாம் முடிந்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் 2,80,000க்கு மேல்.

பிரித்துப் பாருங்கள். எழுபதாயிரம் பேரின் அரிசி அந்தத் தலைகளுக்கு. 1987இல் கீழே இருந்த சனத்தின் தொகை எனக்குத் தெரியும், அதனால்தான் 35 கிராம் என்று கணக்குப் போட முடிந்தது. 2009இல் பிரிக்கிற எண்ணையே ஒளித்துவிட்டார்கள்.

அதனால் யாராவது என்னிடம் அனுப்பலாமா கூடாதா என்று கேட்டால், அனுப்பு, ஆனால் சாமானோடு ஆளையும் அனுப்பு, அந்த ஆளை வெளியே போ என்று சொன்னால் போகாதே என்பேன். மேலேயிருந்து போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கெஞ்சியோ பேரம் பேசியோ அண்டை நாட்டைப் பிடித்தோ உள்ளே போய் அகப்பையைப் பிடிப்பதில் இருக்கிறது. அரசாங்கத்தின் சம்மதம் பெரிய விசயம்தான், ஆனால் தன் சனத்தின் தொகையைக் குறைத்துச் சொல்கிற அரசாங்கத்திடம் சம்மதம் கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2012இல் வந்த ஐ.நா.வின் உள் விசாரணை அறிக்கையும் வன்னியில் தாங்கள் தவறிவிட்டோம் என்றுதான் சொன்னது. மூன்று வருடம் கழித்து.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. புலம்பெயர்ந்த தமிழர் 2009இல் வன்னிக்கு நிவாரணம் அனுப்பிய வணங்காமண் கப்பலுக்கு லண்டனில் மச்சாள் பால்மா பெட்டி கட்டினா. 884 டன் சாமான். கப்பல் போய்ச் சேரும்போது போர் முடிந்துவிட்டது, ஜூன் முதற் கிழமையில் இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது, சாமான் சென்னையில் இறங்கி, பிறகு கொழும்புக்குப் போய்த் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. பால்மாவுக்குத் திகதி முடிந்திருக்கும் என்று மச்சாள் இப்போதும் சொல்லுவா.

சித்தி குடும்பம் அந்த ஏப்ரலில் வன்னியிலிருந்து வெளியே வந்தது. ஜூலையில் ஒரு நாள் விடியப்புறம் தொலைபேசி. யாருடையதோ போன், மெனிக் பார்ம் முகாமிலிருந்து. நான் பேசத் தொடங்கமுதல் சித்தி அவசரமாகச் சொன்னா, "முதல் இதை எழுது தம்பி." வலயம், கொட்டில் எண், குடும்ப அட்டை எண். ஒவ்வொன்றாகச் சொன்னா, நான் எழுதினேன். "இஞ்சை காலமையும் பின்னேரமும் எண்ணுறாங்கள்." உள்ளே இருக்கும்போது என்ன சாப்பிட்டீங்கள் என்று கேட்டேன். கஞ்சி என்றா. எவ்வளவு என்று கேட்டேன், பழக்கதோசம். "கை ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா எவ்வளவு நிக்குமோ அவ்வளவு" என்று சொல்லும்போது காசு முடிந்து தொடர்பு அறுந்துவிட்டது.