பீக்கரில் தொலைந்த சூடு

ஜனவரி 5

இன்று லேபில் நடுநிலையாக்கல் வெப்பம், அதாவது அமிலமும் காரமும் கலந்து ஒன்றையொன்று சமன்செய்யும்போது வெளிவரும் சூடு. 1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்; மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., அதே செறிவில் காஸ்டிக் சோடா 50 மி.லி. இரண்டும் 28 டிகிரி. பீக்கரில் கலந்ததும் பாதரசம் 33.5-ல் போய் நின்றது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் வேண்டும், ஆக 100 கிராம் × 4.18 × 5.5 = 2299 ஜூல். வினைபுரிந்தது 0.05 மோல், ஆக, மோலுக்கு 46 கிலோஜூல். புத்தகத்தில் 57.3.

“மீதி 11 எங்கேம்மா?” என்றார் மேடம். முழித்தேன். போதாக்குறைக்கு மைனஸ் குறி போடாததற்கு ஒரு மார்க் போச்சு. சூடேறியது தண்ணீர்தான், ஆனால் நாம் எழுதுவது வினையின் கணக்கு. அது வெப்பத்தை இழந்தது, அதனால் மைனஸ்.

ஜனவரி 6

மூடி போட்ட தெர்மோகோல் கப்பில் அதையே செய்தேன். 6.5 டிகிரி ஏறியது. −54.3! அப்போ நேற்று தொலைந்ததில் பெரும்பங்கு கண்ணாடிக்கும் காற்றுக்கும் போயிருக்கிறது. பீக்கர் கையில் வெதுவெதுவென்று இருந்தபோதே உறைத்திருக்க வேண்டும்.

ஜனவரி 8

100 மி.லி. தண்ணீரில் நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) 5.35 கிராம் கரைத்தேன், அதாவது 0.1 மோல். 3.2 டிகிரி இறங்கியது. கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொண்டது, அதனால் பிளஸ். கரைசல் 105.35 கிராம் என்று வைத்தால் மோலுக்கு +14.1, புத்தகத்தில் 14.8. இங்கேயும் கசிவுதான், ஆனால் வெளியிலிருந்து உள்ளே.

ஜனவரி 11

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பெரியப்பா 5 கிலோ கல் சுண்ணாம்பு வாங்கி வந்தார். தகர டிரம்மில் 20 லிட்டர் தண்ணீர். சும்மா இருக்க முடியுமா? கல் சுண்ணாம்பு என்பது சுட்ட சுண்ணாம்புதான்; அது 56 கிராம் (ஒரு மோல்) தண்ணீரோடு சேர்ந்து நீறினால் சுமார் 65 கிலோஜூல் வெளிவரும். 5 கிலோவுக்கு 5800. 20 லிட்டரை 69 டிகிரி ஏற்றலாம், 28-லிருந்து 97!

கல்லைப் போட்டதும் சில நொடி சத்தமே இல்லை. அப்புறம் அடியிலிருந்து கொதகொதவென்று கிளம்பி, வெள்ளைக் குழம்பு விளிம்புவரை துள்ளியது. “தள்ளி நில்லு பாப்பா, கண்ணுல பட்டா அவ்வளவுதான்!” கொதிப்பு அடங்கியதும் தெர்மாமீட்டரைக் குச்சியில் கட்டி விட்டேன். 78.

19 டிகிரி குறைவு, கிட்டத்தட்ட 1590 கிலோஜூல். கல்லும் சுத்தமாக இருந்திருக்காது, தகரமும் கொஞ்சம் தின்றிருக்கும். ஆனால் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2.26 கிலோஜூல் வேண்டும். 700 கிராம் ஆவியாகியிருந்தாலே கணக்கு நேராகிவிடும். முற்றம் முழுக்கப் புகை மாதிரி எழுந்தது அதுதானே!

அடுத்த வருஷம் டிரம்மை இறுக்கி மூடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெரியப்பா மட்டையை ஓங்கிக்கொண்டு வந்தார்.