வள்ளமும் எருமையும் ரஷ்யாவும்

போன ஞாயித்துக்கிழமை அக்கா மவ கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைல நம்ம வீட்டுக்கு வந்தவ, போனை மூஞ்சிக்கு நேரா நீட்டி "மாமா, இது சரியான இங்கிலீஷாம், அர்த்தம் சொல்லுங்க பாப்போம்"னு ஒரே பிடி. "தி ஓல்ட் மேன் தி போட்." நாலு தடவ படிச்சேன், வயசான ஆளு, வள்ளம், சரி, நடுவுல வினைச்சொல்லு எங்கலேன்னு தேடுனா கிடைக்கல. "எழுதுனவன் பாதில எழும்பிப் போயிட்டான் மக்ளே"ன்னேன்.

அப்புறந்தான் புடிபட்டுச்சு, இதுல மேன்ங்கறது மனுசன் இல்ல, அதுதான் வினைச்சொல்லு, ஆளா நின்னு ஓட்டுறதுன்னு அர்த்தம், தி ஓல்ட்னா வயசானவங்க. பெருசுங்கதான் வள்ளத்த பாத்துக்கறாங்க, அவ்வளவுதான். தேங்காப்பட்டணம் பக்கம் பயலுவ எல்லாம் கல்ஃப்ல கெடக்கான், கடலுக்குப் போற வள்ளத்துல அறுபது வயசு ஆளுங்கதான் இருக்காங்கன்னு ஒருத்தர் சொன்னா அதுல என்ன கொழப்பம்? சொல்லுறதுக்கு ஒரு எடம் இருந்தா அர்த்தம் தானா வந்துருது. அதனால இது அர்த்தமுள்ள வாக்கியம்தான், ஆனா இப்படி எழுதுறவன் படிக்கிறவன் மேல துளி இரக்கம் இல்லாதவன், அதையும் சொல்லிருதேன்.

அடுத்து எருமை. பஃபலோங்கற வார்த்தைய எட்டு தடவ வரிசையா எழுதுனா அதுவும் இலக்கணப்படி சரியாம். பஃபலோ நியூயார்க் மாகாணத்துல ஒரு ஊரு, எருமையும் பஃபலோ, மெரட்டுறதுக்கும் அதே சொல்லு, வில்லியம் ராப்பபோர்ட்னு ஒருத்தரு 1972ல யோசிச்ச விளையாட்டு இது, பொறவு அந்த ஊரு யுனிவர்சிட்டிலயே அவரு வாத்தியாரா இருந்தாரு. தமிழ்ல போட்டுப் பாருங்க: பஃபலோ ஊரு எருமைங்க மெரட்டுற பஃபலோ ஊரு எருமைங்க, பஃபலோ ஊரு எருமைங்கள மெரட்டுதுங்க. மூச்சு வாங்குது, ஆனா வழி தப்பல, ஏன்னா நமக்கு யார் யாரன்னு காட்ட ஒரு 'ஐ' இருக்கு, மெரட்டுறவும் மெரட்டுதுங்கவும் வால்லயே வேற வேற. இங்கிலீஷ்ல அந்த வாலு இல்ல, சொல்லு நிக்கற எடத்த வச்சுத்தான் எல்லாம், அதான் முட்டுது. இதுக்கு அர்த்தம் உண்டான்னா உண்டு, ஆனா எந்த மனுசனும் தேவைக்கு இத சொல்லப் போறதில்ல, எனக்கு இது கணக்கு மாதிரிதான்.

எனக்கு நெசமாவே தூக்கம் கெட்டது மூணாவதுதான். "மோர் பீப்பிள் ஹாவ் பீன் டு ரஷ்யா தேன் ஐ ஹாவ்." இத படிச்சப்ப நான் தலைய ஆட்டிட்டேன், மருமவளும் "இது ஈசி மாமா"ன்னா. சரி, என்ன சொல்லுதுன்னு கேட்டேன். "நெறய பேரு ரஷ்யா போயிருக்காங்க, மாமா போனத விட"ன்னா. நான் போனது எத்தன பேரு? எத்தன பேரு போனாங்கங்கறதையும், ஒரு ஆளு எத்தன தடவ போனாங்கறதையும் எப்படி ஒரே தராசுல வைக்க? ரெண்டு பேரும் முழிச்சோம். மொத ரெண்டும் உளறல் மாதிரி இருந்து உள்ள அர்த்தம் வச்சிருக்கு, இது நல்ல சட்ட போட்டு வந்து நிக்கு, பாக்கெட்ல ஒண்ணுமில்ல. மொழியியல் ஆராய்ச்சிக்காரரு சாம்ஸ்கி 1957லயே நிறமில்லாத பச்சை எண்ணங்கள் ஆவேசமா தூங்குதுன்னு ஒண்ணு எழுதி இலக்கணம் வேற அர்த்தம் வேறன்னு காட்டுனாரு, ஆனா அது கேட்டதுமே கிறுக்குன்னு தெரிஞ்சிரும், இந்த ரஷ்யா தெரியவே மாட்டேங்குது.

அதுக்குள்ள அடுக்களைல இருந்து அக்கா, "ரெண்டு பேரும் வெள்ளம் குடிச்சியளா?"ன்னா. சென்னைல வேலைக்கு சேந்த புதுசுல இதையே கேட்டு ஒருத்தன பயமுறுத்தியிருக்கேன், அவனுக்கு வெள்ளம்னா ஊரு முங்கறது. இங்க அது ஒரு கிளாஸ் தண்ணி.