பொடியுப்பு

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு வருடம் தள்ளிப்போட்ட மேமோகிராம், அதாவது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே, இன்றைக்குத்தான் முடிந்தது. படம் எடுக்கும் பெண் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, அக்குள்ல பவுடர் போட்டிருக்கீங்களா?" போட்டிருந்தேன். ஈரத்துணி கொடுத்து நன்றாகத் துடைத்துவிட்டு வரச் சொன்னாள். பவுடர் துகள் படத்தில், மார்பில் படியும் சுண்ணாம்புப் புள்ளி போலவே விழுமாம்.

மார்ச் 6, வியாழன்

ரிப்போர்ட்டில் இடது மார்பில் கால்சியம் (சுண்ணாம்பு) படிவு, பைராட்ஸ் 0 என்று இருந்தது. பைராட்ஸ் என்பது படத்தைப் பார்த்துப் போடும் வகை எண். பூஜ்யம்தானே, ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் படம் எடுத்தால்தான் சொல்ல முடியும் என்பதுதான் அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். ராத்திரி கால்சியம் மாத்திரையைத் தொடவில்லை. பாலும் இறங்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் கல்லுப்பு மாதிரி இரண்டு மூன்று. அது பழைய நார்க்கட்டி சுண்ணாம்பாக இறுகியது. இரண்டு கோடு சேர்ந்து ஓடுவது ரத்தக்குழாய்ச் சுவர். ஐம்பதைத் தாண்டினால் இதெல்லாம் சகஜம், விட்டுவிடலாம் என்றார்.

அப்புறம் ஒரு மூலையைத் தொட்டார். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பொடியுப்பு, ஏழெட்டுப் புள்ளி, நெருங்கி, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல். பால் குழாய்க்குள் செல்கள் பெருகி மடியும் இடத்திலும் இப்படிச் சுண்ணாம்பு படியுமாம். குழாயை விட்டு வெளியே வராத ஆரம்பக் கட்டப் புற்றுநோய் பல பேருக்கு இந்தப் புள்ளிகளாகத்தான் முதலில் தெரிகிறது. கையால் தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது. இதை நினைக்கும்போதுதான் நான் வீணாக்கிய இரண்டு வருடம் உறுத்துகிறது.

எனக்கு இப்போது பைராட்ஸ் 4ஏ. நூறு பேரில் 2 முதல் 10 பேருக்குப் புற்றுநோயாக இருக்கலாம், அதனால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி. மாத்திரையைக் கேட்டேன். சாப்பிடும் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நிறுத்தினால் எலும்புதான் தேயும் என்றார்.

இரவு தேடிப் படித்தேன். உருகுவே நாட்டு மருத்துவர் ரவுல் லெபோர்ன் 1951இல் இந்தப் புள்ளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கும் இது பொடியுப்பாகத்தான் தெரிந்திருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

பயாப்சி. மார்பைத் தட்டுகளுக்கு நடுவே அழுத்தி, மரத்துப்போக ஊசி போட்டு, படத்தைப் பார்த்தபடியே தடித்த ஊசியால் சதை எடுத்தார்கள். வலியைவிட அசையாமல் இருப்பதுதான் சிரமம். எடுத்த துணுக்குகளை உடனே எக்ஸ்ரே பார்த்தார்கள், புள்ளி அதில் வந்திருக்க வேண்டுமே. புழு மாதிரிச் சின்னச் சின்னச் சதை, அதற்குள் வெள்ளை வெள்ளையாக. "கிடைச்சிடுச்சும்மா" என்றாள் அந்தப் பெண். எடுத்த இடத்தில் எள்ளளவு உலோகக் குறி ஒன்று வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன்

புற்றுநோய் இல்லை. செப்டம்பரில் மறுபடி படம்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன். ஐம்பத்தாறு வயது, ஒரு தடவைகூட எடுத்ததில்லை. சனிக்கிழமை நானே கூட்டிப் போகிறேன். பவுடர் போடாமல் வா என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.